நாலு மூட்டை ஈரமணல்

'சளப்... சளப்...' என்று பலகை தண்ணீரை அறைகிற ஓசை இந்த வயதிலும் என் காதைவிட்டுப் போகவில்லை. மாதவரத்தில் பேத்தி வீட்டு வாஷிங் மெஷின் சுழலத் தொடங்கினால் போதும், நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். 'ஆயாவுக்கு மெஷின்னா பயம்' என்று அவள் சிரிப்பாள். பயம்தான், ஆனால் மெஷினைப் பார்த்து அல்ல.

நெட்டுக்குப்பத்தில், எண்ணூர் உப்பங்கழிக் கரையில் எங்கள் 'வூடு'. உப்பளத்து வேலைக்குப் போகிறவர்களைச் சின்னத் தோணியில் அக்கரை சேர்ப்பது நைனாவின் பிழைப்பு. அந்தக் கழியில் தோணி விடுகிறவன் நின்றுகொண்டுதான் விடவேண்டும். நீண்ட மூங்கில் கோலைச் சேற்றில் ஊன்றி, உடம்பைச் சாய்த்துத் தள்ளவேண்டும். என் அண்ணன் ஏழுமலையால் நிற்க முடியாது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவன் கால்களைச் சூம்பவைத்துவிட்டது. பதினேழு வயதில் தோளும் கையும் மட்டும் இரண்டு ஆள் பலத்தோடு இருந்தன. 'நிக்க முடியாதவனுக்கு இன்னாத்துக்குத் தோணி?' என்று நைனா அதைப் பெரியப்பா மகனிடம் கொடுத்துவிடுவதாக இருந்தார்.

தண்ணீர் வற்றிய ஒரு நாள் கழியைக் கடந்த மாட்டுவண்டியின் சக்கரம் தண்ணீரைப் பின்னால் வாரியிறைத்ததை அண்ணன் உட்கார்ந்து பார்த்தான். அன்றிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. டோல்கேட் பழைய இரும்புக்கடை 'பாய்' கொடுத்த கம்பியில், தோணியின் இரண்டு பக்கமும் பலகைச் சக்கரம் கட்டி, உட்கார்ந்தபடியே கையால் சுற்றினான். நாலு பலகை வைத்தபோது தோணி வெட்டி வெட்டிப் போனது. எட்டாக்கினான், சீராகப் போனது. ஒரே கம்பியில் இரண்டு சக்கரமும் சுழன்றதால் திரும்ப மறுத்தது. கம்பியை இரண்டாக அறுத்து, கைக்கு ஒரு பிடி வைத்தான். வலதை நிறுத்தி இடதைச் சுற்றினால் தோணி சொன்னபடி வலப்பக்கம் திரும்பியது. அம்மாடி, அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

மிச்சம் இருந்தது சக்கரத்தின் உயரம் மட்டும். "பலக தண்ணிய தள்ளணும் பாப்பா, தூக்கக் கூடாது. நாலு விரல்தான் முங்கணும்" என்பான். ஆள் ஏறினால் தோணி அழுந்தும். எவ்வளவு அழுந்தும் என்று தெரிந்தால்தான் சக்கரத்தை எந்த உயரத்தில் பூட்டுவது என்று தெரியும். ஆளுக்கொரு மூட்டையாக நாலு மூட்டை ஈரமணல் கட்டித் தோணியில் ஏற்றச் சொன்னான். மணல் அள்ளுகிற இடத்துக்கு அவனால் எழுந்து வந்து பார்க்க முடியாது. எனக்கு ஒன்பது வயது. மணல் கனத்தது, தெருவில் பிள்ளைகள் சில்லுக்கோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். மூட்டைக்குள் சவுக்குச் சருகை அடைத்து, வாயில் மட்டும் இரண்டு கை மணலைப் போட்டுக் கட்டினேன்.

"ஈரமணல்தானே பாப்பா?"

"ஆமாண்ணா."

"நம்ம தோணி எவ்ளோ தாங்குது பாத்தியா!" என்று பூரித்துப்போய், தண்ணீர் தொட்ட இடத்தில் கரித்துண்டால் கோடு போட்டான். அந்தக் கோட்டை வைத்துத்தான் சக்கரத்தைப் பூட்டினான்.

"ஒரே ஒரு தபா நாலு ஆள அக்கரைக்கு இட்டுனு போய் வுடு, அப்பால தோணி உன்னுது" என்று நைனா சொல்லியிருந்தார். அந்தக் காலையில் நைனாவும் உப்பளத்துப் பெண்கள் மூன்று பேரும் ஏறினார்கள். தோணி கரிக்கோட்டைத் தாண்டி அழுந்தியது. பலகைகள் முழுசாக முங்கின. கரையில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பலகையை ஒருமுறை குனிந்து பார்த்தான், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தான். சக்கரம் தண்ணீரைத் தள்ளவில்லை, தூக்கித் தூக்கித் தோணிக்குள்ளேயே கொட்டியது. பாதிக் கழியில் கை ஓய்ந்தது. கடலுக்கு வடிகிற வற்றம் தோணியை முகத்துவாரத்தை நோக்கி இழுக்க, பெண்கள் அலற, நைனா ஊன்றிய கோலுக்குத் தரை எட்டவில்லை. மணல்திட்டு ஒன்று குறுக்கே வந்ததால் ஐந்து பேரும் பிழைத்தார்கள்.

நைனா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் சக்கரங்களைக் கழற்றி அடுப்புக்குப் போட்டார், தோணி பெரியப்பா மகனிடம் போனது. உள்ளங்கைத் தோல் உரிந்து கிடந்த அண்ணன், காயம் ஆறியதும் வலை பின்ன உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் ஐம்பது வருஷத்துக்கு மேல் எழவில்லை. நடுநடுவே மணலில் சக்கரம் கீறிப் பார்ப்பான், அழிப்பான். "ஆளு கனத்த எங்க பாப்பா தப்பா போட்டேன்?" என்று என்னைத்தான் கேட்பான். எனக்குக் கல்யாணம் ஆனபோதும் கேட்டான், என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டும் கேட்டான். நான் ஒவ்வொரு முறையும், "விடுண்ணா, பழைய கத" என்றேன். பாவி நான், அப்படித்தான் சொன்னேன்.

போன ஐப்பசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன் விரலால் போர்வையில் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தான். எதற்கென்று நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அப்போதும் வாய் திறக்கவில்லை.

காரியம் முடிந்து கழிக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். சவுக்குத் தோப்பு இல்லை, உப்பளம் இல்லை, துறை இருந்த இடத்தில் சாம்பல் படிந்து கிடக்கிறது, மின்நிலையத்துச் சுடுதண்ணீர் ஓடுகிறது. நின்று கோல் ஊன்றுகிறவர் யாருமில்லை. எல்லாத் தோணியிலும் மோட்டார், எல்லோரும் உட்கார்ந்துதான் ஓட்டுகிறார்கள்.

அண்ணா, நீ போட்ட கணக்கு சரிண்ணா. மூட்டையில் மணல் இல்லை.