சாக்பீஸ் கோட்டுக்குள் ஒரு வேன்

"வியாழன், காலை 10.20. சாமுவேல் மாஸ்டர், மனைவி எஸ்தர். உயரக் கூரை வேன். நான்கு படுக்கை. அளவு சரி. நாளை தகர ஷீட் வெட்டு."

என் பணி நோட்டில் உள்ள பதிவு இது. அதன் மேல் ஒரு குறுக்குக் கோடு இருக்கிறது. அன்று பகல் 12.45-க்கு நானே போட்டது. ஏன் போட்டேன் என்பதை இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

1. மூன்று வகை

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பாடி பில்டிங் பட்டறையில் நான் ஃபோர்மேனாக இருந்தேன். பனியன் கம்பெனிகளின் லோடு வண்டிகளுக்குக் கூடு கட்டுவதுதான் முக்கிய வேலை. பிறகு, உள்ளேயே தங்கிப் பயணம் போகிற கேரவன் கேட்டும் ஆட்கள் வந்தார்கள்.

அவர்களிடம் மூன்று வகை சொல்வேன். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லரை ஓரிடத்தில் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம். ஆனால் ஓடும்போது அதற்குள் ஆள் இருக்கக் கூடாது. ரிவர்ஸ் எடுக்கவும் தனிப் பழக்கம் வேண்டும். பஸ்ஸின் அடிச்சட்டமான சேஸிஸில் கட்டினால் வீடு மாதிரியே இருக்கும், சந்துக்குள் நுழையாது. வேன் எங்கும் போகும், உள்ளே ஒவ்வோர் அங்குலத்துக்கும் சண்டை.

சாமுவேல் நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்தரம்மா டெய்லர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வருஷத்தில் ஆறு மாதம் வண்டியிலேயே ஊர் ஊராகப் போய் இருப்பதென்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். எஸ்தரம்மாவுக்கு இடது முழங்கால் மடங்காது. ஓடும்போதே காலை நீட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் டிரெய்லர் சரிப்படவில்லை. பஸ் படியின் உயரம் அவருக்கு ஆகாது. வேன் என்று முடிவானது. அதுவரை நாங்கள் செய்தது சரிதான்.

2. மார்க்கர்

துணி வெட்டுவதற்கு முன் முன்பாகம், முதுகு, கை எல்லாவற்றையும் நீளப் பேப்பரில் இடைவெளி விடாமல் நெருக்கி வரைவார்கள். அதுதான் மார்க்கர். எவ்வளவு நெருக்குகிறாரோ அவ்வளவு கெட்டிக்காரர். மாஸ்டர் வண்டியின் பிளானையும் அப்படித்தான் போட்டுக்கொண்டு வந்தார். படுக்கை நான்கு, அடுப்பு, ஃபிரிட்ஜ், பீரோ, டாய்லெட் எல்லாம் ஒன்றின் ஓரம் இன்னொன்றைத் தொட்டபடி.

"பாருங்க ஃபோர்மேன், வேஸ்டே இல்ல."

மூன்று முறை அளந்தேன். கால் அங்குலம்கூடப் பிசகவில்லை. மெச்சிக் கையெழுத்துப் போட்டேன்.

எஸ்தரம்மா, அதைத் தரையில் பெரிதாக வரைந்து காட்ட முடியுமா என்று கேட்டார். தேவையில்லை என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டாரே என்று சாக்பீஸால் முழு அளவில் வரைந்தேன். கைத்தடியோடு உள்ளே வந்தார். அடுப்புக் கோட்டின் முன் நின்றால் முதுகுப்பக்கம் கட்டில். டாய்லெட் கோட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"ஃபோர்மேன் சார், என் காலு பீரோவுக்குள்ள கெடக்கு. துணியோட துணியா மடிச்சி வச்சிரட்டுமா?"

பக்கத்தில் நின்ற எங்கள் வெல்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே படுக்கத்தானே போகிறாய் என்றார் மாஸ்டர்.

"ஆறு மாசமும் படுத்தேவா கெடக்கணும்? மாஸ்டரே, துணிக்கு மூச்சு விட எடம் வேண்டாம். எனக்கு வேணும்லா. இந்த வண்டின்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

மாஸ்டர் முகம் மாறிவிட்டது. எஸ்தரம்மா இல்லாமல் அந்தப் பயணமே இல்லை. கட்டிங் டேபிளில் இடைவெளி என்றால் நஷ்டம். முப்பது வருஷம் பழகிய கண் அது. நானும் அதே தப்பைத்தான் செய்திருந்தேன். சாமானை அளந்தேன், ஆளை அளக்கவில்லை.

"நாலு படுக்கை எதுக்குங்க மாஸ்டர்?" என்றேன்.

"பேரப்பிள்ளைக வந்தா?"

"வந்தா ஊட்டுல படுத்துக்கட்டுங்க. வண்டில போறது நீங்க ரெண்டு பேருதானுங்க."

 மாஸ்டர், கை துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணியை எடுத்து, குனிந்து, இரண்டு கட்டிலை அழித்தார். பீரோவையும் பாதியாக்கினார். எஸ்தரம்மா மறுபடி உட்கார்ந்தார். கால் கோட்டுக்குள் நின்றது. எழுந்து நடுவில் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். தடியால் தரையைத் தட்டி, "இங்க ஒண்ணும் வைக்கக் கூடாது" என்றார். புதிய பிளானில் அந்த இடத்தில் "காலி" என்று எழுதி, மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கினேன்.

3. பிறகு

அதன் பிறகு, போகப்போகிறவர்கள் சாக்பீஸ் கோட்டுக்குள் நின்று, உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் நான் ஷீட் வெட்ட விட்டதில்லை. பஸ்தான் வேண்டும் என்று வந்த ஒருவர் கோட்டுக்குள் நின்று பார்த்துவிட்டு, தனக்கு இவ்வளவு இடம் தேவையில்லை என்று டிரெய்லருக்கு மாறினார். எந்த வண்டி நல்லது என்று இப்போதும் கேட்கிறார்கள். யார் போகிறார்கள் என்று சொன்னால் சொல்லிவிடுவேன்.

போன மாதம் மாஸ்டர் ஃபோன் செய்தார். கொமரலிங்கத்தில் அமராவதி ஆற்றங்கரையோரம் வண்டியை நிறுத்தியிருப்பதாகவும், நடு இடம் அப்படியே காலியாக இருப்பதாகவும் சொன்னார். அதே வாரம் அங்கே வண்டியைப் பார்த்த எங்கள் வெல்டரோ, அந்த இடத்தில் தையல் மெஷின் போட்டு எஸ்தரம்மா தைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். இரண்டில் எது சரி என்று நான் இன்னும் நேரில் போய்ப் பார்க்கவில்லை.