கரண்ட் வந்த பிறகும் ஒரு பக்கம்

மண்ணரையில் இருந்த பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிய அக்கா நாற்பது வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். கரண்ட் போனால் கதைப் புத்தகத்தை விரித்து, வரியில் விரல் வைத்து, தையல் மிசினில் இருக்கும் எங்களுக்குச் சத்தமாக வாசிப்பார். ஒரு பக்கம் முடிப்பதற்குள் கரண்ட் வந்து தொலையும்.

ஒரு நாளும் அப்படித்தான், பக்கத்தின் கடைசி வரிகளுக்கு வந்தபோது மின்விசிறி சுற்றியது.

"மிசினை ஓட்டுங்க!" சூப்பர்வைசர் கத்தினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, செத்த வாயை மூடுங்க. அக்கா முடிக்கட்டும்" என்றேன். ஒருவரும் மிசினைத் தொடவில்லை.

அக்கா வியர்க்க வியர்க்க வாசித்தார். கதையில் ஒரு பெண் தனியாகப் பஸ் ஏறியதோடு பக்கம் முடிந்தது. கை தட்டினோம்.

சூப்பர்வைசர் நகரவில்லை. "அந்தப் புள்ள எங்கீங்கக்கா போச்சு?"

"இனிக் கரண்ட் போறப்ப வாங்க, படிச்சுச் சொல்றனுங்க."

கத்தரியை எடுத்த பிறகும் அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.