ஒப்புதலுக்குக் காத்திருந்த நினைவூட்டு

மனு கிடைத்த மூன்று நாளுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்றாவது சொல்ல வேண்டும். விதி இதுதான். அரசுப் பணியில் இருந்த காலம் முழுக்க இதை நான் பிறருக்கு எடுத்துச் சொன்னேன். அவர்களும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் ஆனி மாதத்தில் அனுப்பிய மனுவுக்கு ஒப்புகையும் வரவில்லை, பதிலும் வரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். செல்போன் தயாரிக்கும் ஆலை ஒன்றில் லைனில் வேலை. ஒரு மார்கழியில் தாமிரபரணி அவள் வீட்டுக்குள் வந்து திரும்பியபோது டிப்ளமா சான்றிதழையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது ஆலையில் அவளை டெக்னீஷியனாக உயர்த்தத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆயுத பூஜை விடுமுறைக்குள் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. தொலைந்ததற்குப் பதில் இன்னொரு சான்றிதழ் கேட்டுத் தொழில்நுட்பக் கல்வித் துறைக்கு அனுப்பியதுதான் அந்த மனு.

"சார், நீங்க கவர்மென்ட்ல இருந்தவங்கல்லா. யாருட்டயாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று வந்து நின்றாள்.

"ஆளைப் பிடித்து முடிப்பது முறையில்லம்மா. மாதம் முடியட்டும், நினைவூட்டு அனுப்புவோம்" என்றேன்.

படப்பைப் பக்கத்துச் சேரப்பணஞ்சேரியில் பிறந்து வளர்ந்த என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அவரு அப்டித்தாம்மா. வூடு பத்திக்கினு எரிஞ்சாலும் மொதல்ல பைலுக்கு நம்பர் போடுவாரு."

அப்போது நான் கடிதங்களை எழுதிச் சரிபார்க்க ஏஐ உதவியாளர் ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். பதில் வராவிட்டால் மாத முடிவில் எனக்கு நினைவூட்டு என்று அதனிடம் சொன்னேன். "நிச்சயமாக நினைவூட்டுகிறேன்" என்றது. மாதம் முடிந்தது. சத்தமே இல்லை. நானே போய்க் கேட்டேன். அழகாக மன்னிப்புக் கேட்டது. தானாக முதலில் பேச அதனால் முடியாதாம். உரையாடலை மூடிவிட்டால் நாள் போவதும் தெரியாதாம். அலுவலகத்தில் இருந்தவனுக்கு இந்த வகை உதவியாளர்கள் புதியவர்கள் அல்லர். ஆனால் இப்படி வாய்விட்டு ஒப்புக்கொண்டவர் இதுவரை ஒருவரும் இல்லை. அதற்காகவே அதன்மேல் ஒரு மதிப்பு வந்தது. ஒரு கருவி கட்டிக் கொடுத்தால் தன்னால் முடியும் என்றும் சொன்னது.

கருவி என்றால் ஒரு சிறிய நிரல். என்ன, எப்போது, யாருக்கு என்ற மூன்றையும் உதவியாளர் அதனிடம் ஒப்படைத்துவிடும். நிரல் தினமும் காலையில் தேதியைப் பார்க்கும். உரிய நாளில் எழுப்பும். நிரலை உதவியாளரே எழுதியது. வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் அதை ஓடவிட்டு, பிழை என்று வந்ததையெல்லாம் திருப்பி அதனிடமே காட்டியது என் பங்கு. கருவியை எப்போது, எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பை மட்டும் நான் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். பதில் எதிர்பார்க்கும் எந்தக் கடிதத்தையும் நாள் குறிக்காமல் விடக் கூடாது. அந்த நாள் விடுமுறையானால் அடுத்த வேலை நாள். நினைவூட்டின் வரைவு தயாரித்து ஒப்புதலுக்கு வைக்கப்பட வேண்டும். ஒப்புதலின்றி எதுவும் வெளியே போகக் கூடாது.

ஒரு விளக்கம்கூடக் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. அவள் மனுவுக்கு ஆவணி முதல் வாரத்தில் ஒரு நாளைக் குறித்தும் வைத்தது. எனக்குக் கண் கலங்காத குறை.

ஆவணி பாதி கடந்த ஒரு மாலையில், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கியவள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். "சார், அந்த நினைவூட்டு போயிட்டா?"

"போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தேன். போகவில்லை. உரிய நாளில் வரைவு தயாராகி, 'ஒப்புதலுக்கு' என்ற தலைப்பின்கீழ் உட்கார்ந்திருந்தது. அது என் சுருக்கொப்பத்துக்காகக் காத்திருந்தது. நான், யாராவது கோப்பை என் மேசைக்குக் கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "நல்லா கீது. ரெண்டு பேரும் எதிரெதிரா குந்திக்கினு, யாரு மொதல்ல வாயத் தொறக்கறதுன்னு பாத்துக்கினு இருந்தீங்களா? உங்க ஆபீச அப்டியே அதுக்குள்ள கட்டி வெச்சிட்டீங்க."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எச்.ஆர்.ல நேத்தும் கேட்டாங்க சார். விடுமுறைக்கு மேல ஒருநாளும் தர மாட்டோம்னு சொல்லுதாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். காகிதங்களைத் திருப்பிக் கொடுங்கள், வேறு யாரையாவது பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கான நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது.

அன்றே குறிப்பில் இருந்த ஒப்புதல் வரியை அடித்துவிட்டேன். பணிக்காலத்தையும் சேர்த்து நான் நீக்கிய ஒரே நடைமுறை அதுதான். செய்தி இனி அவள் போனுக்கே நேராகப் போகும். ஆனால் ஷிப்ட் முழுக்க அவள் போன் லாக்கரில் இருக்கும். நாள் முழுவதும் போன் தயாரிப்பவர்கள் கையில் போன் இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. ஆகவே என் மனைவியின் போனுக்கும் ஒரு பிரதி.

"எனக்கு எதுக்கு மெஷினு? கல்யாணம் ஆன நாளா நான் அந்த வேலயத்தான பாத்துக்கினு கீறேன்" என்றாள். ஆனாலும் முதல் செய்தி வந்ததும் மாடிப்படியில் நின்று கூப்பிட்டது அவள்தான்.

முதல் நினைவூட்டு மறுநாளே படப்பை தபால் நிலையத்திலிருந்து ஸ்பீடு போஸ்டில் போனது. கருவி குறித்த நாள்வரை பார்த்தோம், பதில் இல்லை. இரண்டாவதில் ஆரம்பத்திலேயே விதியை எடுத்துச் சொல்லி, அடியில் மேலதிகாரிக்கு ஒரு நகல் என்று சேர்த்தேன்.

கையெழுத்துப் போடும்போது அவள் கேட்டாள். "இந்தக் கடைசி வரி எதுக்கு சார்?"

"அந்த வரிதாம்மா கடிதம். மேலே இருப்பதெல்லாம் அதற்கு முன்னுரை."

அப்போதுதான் சிரித்தாள்.

ஓய்வு பெற்றவனிடம் எல்லோரும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். விதி என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவள் கேட்டாள், அந்தக் கருவி விதிப்படியே நடந்தது. இருவருக்கும் நான் கடன்பட்டவன்.

மூன்றாவது நினைவூட்டுக்கான நாளும் வந்தது. காலையிலேயே என் மனைவியின் போனில் செய்தி. தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். மதிய ஷிப்டுக்குப் போக வேண்டிய அந்தப் பெண் கையெழுத்துப் போடக் கீழே இறங்கி வந்தாள். பேனாவைத் திறந்தபோது வாசலில் தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கனமான உறை. அவள் பிரிக்கவில்லை; என் மனைவி கையில் கொடுத்து, "நீங்க பாருங்கம்மா" என்றாள்.

"சான்றிதழ்தாண்டி" என்றாள் என் மனைவி.

அதைப் பைக்குள் வைத்து, பையை மார்போடு பிடித்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். நான் லேப்டாப்பைத் திறந்து, மூன்றாவது நினைவூட்டு தேவையில்லை, பதில் வந்துவிட்டது என்றேன். பதில் கிடைத்த நாள் எது என்று உதவியாளர் முறைப்படி கேட்டது. நானும் முறைப்படி பதிந்தேன்: ஆயுத பூஜைக்கு முதல் நாள்.