மணம் தெரியாதவருக்கு ஒரு வைன்

மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சலோடு என் கணவரின் மூக்கு போனது. காய்ச்சல் இறங்கியது, மணம் திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். ஹைதராபாத்தின் லோத்குண்டாவில் எங்கள் அடுக்ககத்தைச் சுற்றி நிற்கும் மாமரங்கள் பூத்தன, காய்த்தன. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தட்டில் போட்டதை மாத்திரைபோல விழுங்கினார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. நான்தான் நடந்துகொண்டே இருந்தேன், அடுப்படிக்கும் பால்கனிக்கும், பால்கனிக்கும் அடுப்படிக்கும்.

சிவப்பு வைனின் துவர்ப்பு மணத்தில் சேராது, அது நாக்கைப் பிடித்து இழுக்கும் ஒரு தொடுகை என்று எங்கோ படித்தேன். வாழைக்காயைக் கடித்தால் வாய் சுருங்குமே, அது. கொழுப்புள்ள ஸ்டேக்கை, அதாவது கனமான கறித் துண்டை, மென்றுவிட்டுக் குடித்தால் அந்த இழுப்பு தளருமாம். அப்படியானால் மூக்கே வேண்டாமே. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கறிக்கடைக்காரரிடம் இரண்டு விரல் கனத்தில், கொழுப்பை நீக்காமல் ஒரு துண்டு கேட்டேன். "கைக்கு மா, இத்தா மோட்டா?" என்றார் உருதுவில். எதற்கு இவ்வளவு கனம், வேகாதே என்று அவருக்குக் கவலை. படித்த இடத்தில் வைனை அறையின் சூட்டில் பரிமாறச் சொல்லியிருந்தார்கள். மே மாத ஹைதராபாத்தின் அறை. திறந்து ஒரு வாய் பார்த்தால் கஷாயம். எந்த நாட்டு அறையைச் சொன்னார்களோ. ஃபிரிட்ஜில் தள்ளினேன், எடுத்தேன், தொட்டுப் பார்த்தேன், மறுபடி தள்ளினேன்.

வரிவரியாகப் பள்ளம் விழுந்த இரும்புச் சட்டி புகைந்தது. உப்பும் மிளகும் தடவிய கறியை வைத்தபின் தொடக் கூடாது. தொட்டேன், அழுத்தினேன், புரட்டினேன். எங்கள் நெல்லை வீட்டில் சுருள வறுத்தால்தான் கறி. உள்ளே சிவப்பாக இருக்கும்போதே எடுக்கக் கை வரவில்லை. பின்னால் வந்து நின்ற அவர், "அத சும்மா கெடக்க விடேன்" என்றார். கறியைத்தான் சொன்னார் என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் வைனை மட்டும் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தார். "துவர்க்கு." பிறகு கறி. வெகுநேரம் மென்றார். மறுபடி ஒரு வாய் வைன். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப அவ்வளவா துவர்க்கல" என்றார், கிளாசைப் பார்த்து.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குப் போதவில்லை. வாசம் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டுவிட்டேன். கத்தி அப்படியே நின்றது. இல்லை என்று தலையசைத்தார். கிளாசை என் பக்கம் தள்ளி, "ஒனக்கு என்ன வாசம் வருது? சொல்லு" என்றார்.

மழைக்கு முந்தைய காற்று, யாரோ விட்டுப்போன அறை என்று தொடங்கினேன்.

"கவித வேண்டாம். என்ன வாசம்?"

கிளாசை மூக்கருகே கொண்டுபோனேன். உண்மையிலேயே முகர்ந்து பார்த்தேன்.

"நாவப்பழம். ரொம்பப் பழுத்தது. பெறகு, ஈர மரம்."

"கறி?"

"பொக. ஓரத்துல கருகின மொளகு. உள்ள ரத்தம், இரும்பு மாதிரி."

கண்ணை மூடி மென்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டு அடுத்த துண்டை வெட்டினார்.

"மெதுவாச் சொல்லு" என்றார். "நான் மெல்லணும்லா."