அப்பா இறந்த பிறகு பிறந்த இளவரசன்

1. சூளைக்குப் போகும் முன்

"என்னா மேடம் இது? அப்பன் செத்து ரெண்டு வருஷம் கழிச்சா புள்ள பொறக்கும்? சம்பந்தி வூட்டுக்காரங்க பார்த்துட்டுச் சிரிக்கிறாங்க!"

விருத்தாசலத்து செராமிக் யூனிட்டில் காளியப்பன் போட்ட சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நான் தொல்லியல் துறையில் கல்வெட்டு படிக்கும் உதவியாளராக இருந்தேன். அவருடைய புது கல்யாண மண்டபத்துக்காக, இந்தப் பக்கத்தை ஆண்ட ஒரு சிற்றரசர் வம்சத்தை, சூளையில் சுடுவதற்கு முன் டைல்ஸில் ஆண்டுகளோடு எழுதியிருந்தார்கள். கடைசியில் இளவரசன், அவனுக்குக் கீழே காளியப்பன் குடும்பம். அவன் வழியில் வந்தவர்கள் என்று அவர்கள் வீட்டில் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

வரிசையைப் போட்டவர் எங்கள் ஆபீசர். சரிபார்த்தேன். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கல்வெட்டு ஒன்றில், அப்பா ஆளும்போதே அதே பிள்ளை கோயிலுக்குப் பசு கொடுத்திருக்கிறான்!

போன் செய்தேன். "ஒரே பேர்ல ரெண்டு இளவரசன்னு போட்டுடும்மா, விடு" என்றார் ஆபீசர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு ராணியின் மானம், ஒரு குடும்பத்தின் மானம், இவருக்கு விளையாட்டா?

"டைல்ஸைச் சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, காளியப்பனையும் கூட்டிக்கொண்டு, ஆபீசர் ஆதாரமாகக் காட்டிய ராணியின் கல்வெட்டு இருக்கும் நல்லூர் பக்கத்துக் கோயிலுக்கு பஸ் ஏறினேன்.

2. தரைக்குக் கீழே

கல்வெட்டில் பிறந்த வருஷம் எழுத மாட்டார்கள். ஆட்சியாண்டு இருக்கும், பிறந்த நட்சத்திரத்தில் பூஜை நடத்த நிலம் விட்ட செய்தி இருக்கும். ராணி தன் மகனின் நட்சத்திரத்துக்கு நிலம் விட்டதைப் பார்த்ததும், பிள்ளை பிறந்த சந்தோஷம் என்று ஆபீசர் அந்த ஆண்டையே பிறந்த ஆண்டாக்கிவிட்டார். அவர் படியெடுத்த காலத்தில் கீழ் வரிகளைக் கோயிலின் தரைத்தளம் மூடியிருந்தது.

திருப்பணிக்காக இப்போது தளத்தைப் பெயர்த்திருந்தார்கள். காளியப்பன் தண்ணீர் ஊற்ற, நான் மண்ணைத் தேய்த்துப் படித்தேன்.

"என்னா போட்டிருக்குது மேடம்?"

"புருஷன் போன பிறகு மகனும் போயிட்டானாம். கல்யாணம் ஆகாத பிள்ளை. மாசாமாசம் அவன் பிறந்த நட்சத்திரத்துல விளக்கு எரியணும்னு அந்த அம்மா நிலம் விட்டிருக்காங்க."

அவன் பிறந்த வருஷம் என்று நாங்கள் எழுதியது, அவன் செத்த பிறகு தாய் விளக்கேற்றிய வருஷம்.

"அப்போ அவன் ராஜா புள்ளதான?"

"ஆமாங்க. அதுல சந்தேகமே இல்ல."

"அப்போ நாங்க?"

கல்யாணம் ஆகாதவன் என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அவனுக்கு வாரிசே இல்லை என்று அவரே புரிந்துகொண்டார். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "எங்க பேர அழிச்சுடுங்க மேடம். அந்தம்மாவுக்கு ஒரே புள்ள. வம்சம் அவனோட நிக்கட்டும்."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கல்லில் நட்சத்திரத்தைப் பார்த்ததும் பிறப்பு என்று எழுதிவிடாதீர்கள். கடைசி வரிவரை தோண்டுங்கள். செத்துப்போன பிள்ளைக்கும் பெற்றவள் பிறந்தநாள் கொண்டாடுவாள்.