பின் அறைக்குப் போன பதினெட்டு டப்பா

தீப்புண் களிம்பு வெள்ளை டப்பாவில் வரும். அதைப் பார்த்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். களிம்பு பாவம், அது என்ன செய்யும். பார்மசி டிப்ளமோ முடித்ததும் திருத்தங்கலில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன். சுவரில் தொங்கியது என் சான்றிதழ், கடை அண்ணாச்சியுடையது. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. வருகிறவர்களை 'சாப்பிட்டீகளா' என்று கேட்காமல் விடமாட்டார். அந்தக் குரலை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

தீபாவளி நெருங்க நெருங்கப் பட்டாசுக் கம்பெனிகளுக்குச் சீசன் என்றால் அண்ணாச்சிக்கும் சீசன்தான். காய்ச்சல் மாத்திரை தீர்ந்துபோனால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். இந்தக் களிம்பை மட்டும் ஆடி பிறக்கும்போதே மதுரைக்குச் சொல்லி, பெட்டி பெட்டியாக இறக்கிவிடுவார். மனிதருக்கு என்ன முன்யோசனை என்று முதல் வருஷம் நான் மெச்சிக்கொண்டது வேறு. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு புரட்டாசி மதியம் வெடிச்சத்தத்தில் கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. எங்கே, எத்தனை பேர் என்று அண்ணாச்சி கேட்கவில்லை. "அந்த வெள்ள டப்பாவ எல்லாம் உள்ள எடுத்து வச்சிரும்மா. கம்பெனி ஆளு வந்துருவாக" என்றார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் கேஸாகிவிடும் என்று, காயம்பட்டவர்களை ரகசியமாக வைத்து ஆற்றப் பார்க்கும் கம்பெனி அது. அவர்கள் சொன்ன விலைக்கு மொத்தமாக வாங்குவார்கள், எதையும் கேட்க மாட்டார்கள். மிச்சமிருந்த பதினெட்டு டப்பாவையும் நான்தான் பின் அறைக்குக் கொண்டுபோனேன்.

கால் மணி நேரத்தில் ஒரு பெண் ஓடிவந்தாள். மகளுக்குத் தோளிலிருந்து விரல்வரை வெந்துவிட்டதாம். "அவ பேரு ரிஜிஸ்தர்ல இல்லன்னு கம்பெனில கைகழுவிட்டாக. ஆஸ்பத்திரிக்கும் போகக்கூடாதாம். அந்த ஆயின்மென்ட்டு ஒண்ணு குடுங்க அண்ணாச்சி."

"ஸ்டாக் இல்லையேம்மா. சிவகாசிக்குள்ள பாருங்க" என்றார் அவர், முகம் வாடி. அந்த வாட்டம் அவருக்கு வரவழைக்காமலே வரும்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு தாயி, ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லக்கா" என்றேன்.

அவள் போன கையோடு கம்பெனி போர்மேன் வந்து பதினெட்டையும் வாங்கிப் போனார். மறுநாள் காலையில் பிரிக்காத நான்கு டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார். "இது வேண்டாம் அண்ணாச்சி. அந்த ஆளு போயிட்டான்." யார் என்றுகூடக் கேட்காமல், துணியால் துடைத்து முன் அலமாரியில் அடுக்கினார் அண்ணாச்சி. சற்று நேரத்தில் அந்தப் பெண் மறுபடி வந்தாள். சிவகாசியில் எங்கும் கிடைக்கவில்லையாம். மகளை வாழையிலையில் கிடத்தியிருக்கிறாளாம்.

"இப்பத்தாம்மா வந்துச்சு. ஒங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்" என்றார். அவள் டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றே வேலையை உதறினேன் என்று எழுத ஆசைதான். இன்னும் இரண்டு சீசன் அங்கேதான் இருந்தேன். இப்போது சூலக்கரையில் எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. அண்ணாச்சியை வாய் கிழியத் திட்டுகிறேனே, 'இல்லக்கா' என்ற வாய் என்னுடையது.

போன மாதம் காரியாபட்டி பஸ்ஸில் அந்தத் தாய் என்னைக் கண்டுகொண்டாள். பக்கத்தில் மகள். வலது முழங்கை நீட்ட வராமல் மடங்கியே இருந்தது. "அன்னைக்கு நமக்கு மருந்து குடுத்த அக்கா இவுகதான்" என்றாள் தாய். மகள் இடது கையை அந்த மடங்கிய கையிடம் கொண்டுபோய்ச் சேர்த்து, என்னைக் கும்பிட்டாள்.