உப்பு மாறிய ரொட்டி

என் ஓரகத்திக்கு எதையும் மனதுக்குள் போட்டுப் பூட்டி வைக்கத் தெரியாது. கல்யாண வீட்டில் சாம்பார் சுமார் என்றால் பெண்ணின் அப்பாவிடமே போய்ச் சொல்லிவிட்டு வருவாள். அவள் மூத்தவரைக் கட்டியவள், நான் இளையவரைக் கட்டியவள். பத்து வருஷமாக ஒரே அடுப்படி, ஒரே சண்டை, ஒரே வேலையிடம். எனக்கு அவள் அக்கா. கம்பெனியில் எல்லோருக்கும் ரொட்டியம்மா.

ஒயின் வாங்கி விற்கிற கம்பெனி அது. அக்கா கீழே கேன்டீனில் சமையல். நான் மேலே ருசி அறையில் கோப்பை கழுவுகிறவள். ருசி அறைக்குள் பூ வைத்துக்கொண்டு போகக்கூடாது, சென்ட் கூடாது, வாசனை சோப்பு கூடாது. ஆஸ்பத்திரியில்கூட இத்தனை கெடுபிடி கிடையாது. நீள மேஜை, வெள்ளைத் துணி, ஐந்து நாற்காலி. அந்த ஐந்து பேரும் ஒரு வாய் ஒயினை உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, வாளியில் துப்புவார்கள். அதற்குச் சம்பளம்! நடுநடுவே நாக்கைத் துடைக்க ஒரு கடி ரொட்டி. கடைசியில் பிடித்திருந்தால் கையைத் தூக்குவார்கள். மூன்று கை உயர்ந்தால் கம்பெனி வாங்கும். அவர்களுக்குத் தலைவரைப் பெரிய மூக்கு என்போம், அவர் இல்லாதபோது.

அந்த ரொட்டியில் உப்பு இருக்கக்கூடாது. ஆகவே அக்கா தினமும் காலையில் இரண்டு மாவு பிசைவாள். மேலே போகிற ரொட்டி உப்பில்லாதது, அதன் முதுகில் ஒரு கீறல். கேன்டீன் ரொட்டி உப்பு போட்டது, அதற்கு இரண்டு கீறல். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட மாறியதில்லை. மாறிய நாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அன்று முதல் பஸ்ஸிலேயே ஒரு தோட்டக்காரம்மா வந்துவிட்டாள். திராட்சைத் தோட்டம் வைத்துத் தானே ஒயின் போடுகிறவள். பத்து மணிக்குத்தான் அவளுடைய ஒயினை ருசி பார்ப்பார்கள். வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தவளை அக்கா விடுவாளா? சமையற்கட்டுக்குள் இழுத்துவந்து ஸ்டூலைப் போட்டு டீ கொடுத்தாள்.

"ரெண்டு வருஷமா கொண்டாறேங்க. ரெண்டு தடவையும் சீட்டுல ஒரே வரிதான். கசப்பு, வேண்டாம்னு. இந்தத் தடவையும் வேண்டாம்னுட்டா கொடியெல்லாம் பிடுங்கிப் போட்டுடலாம்னு வீட்ல முடிவு பண்ணிட்டோம். அவருக்கும் முன்ன மாதிரி முடியல. நான் ஒருத்தி எவ்வளவுதான் இழுக்கிறது?"

அக்கா மாவும் கையுமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வேறு. அடுத்தவர் கதைக்கு அழுவதென்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

பத்து மணிக்கு நான் கோப்பைகளை அடுக்கிவிட்டு ஓரமாக நின்றேன். ஐந்து பேரும் உறிஞ்சினார்கள், ரொட்டியைக் கடித்தார்கள், மறுபடி உறிஞ்சினார்கள். பெரிய மூக்கின் புருவம் மேலே ஏறியது. பிறகு ஐந்து கை உயர்ந்தது. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஐந்து கை சேர்ந்து உயர்ந்து இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். "இந்த வருஷம் அந்தம்மாவுக்குக் கை வந்திருக்கு" என்றார் பெரிய மூக்கு. சேதி கேட்டதும் தோட்டக்காரம்மா மாடிப்படியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.  மாலைக்குள் ஒப்பந்தம் தயாராகிவிடும், இருங்கள் என்றார்கள்.

பன்னிரண்டரைக்குக் கேன்டீன் நிரம்பியது. மூட்டை ஏற்றுகிற ஒருவர் ரொட்டியைக் கடித்த கடியில் நிறுத்தினார்.

"என்ன ரொட்டியம்மா, உப்புக்குப் பஞ்சமா? சுண்ணாம்பைத் திங்கற மாதிரி இருக்கு."

அக்கா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடியேறி, கோப்பை கழுவுகிற அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"கீறலை மாத்திப் போட்டுட்டேன்டி. உப்பு ரொட்டி மேல வந்திடுச்சு."

"வந்தா என்னக்கா? அஞ்சு பேரும் தின்னாங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

"அந்தம்மா ஒயின் அதனால நல்லாருந்துச்சோ என்னமோ."

"ரெண்டு சிட்டிகை உப்பு! அதுக்குப் போயி!"

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா தெரிஞ்சாகணும்."

அதே ஒயின் அரை பாட்டில் கழுவும் தொட்டிப் பக்கத்தில் மீதி இருந்தது. அக்கா அதுவரை ஒரு சொட்டு ஒயின் தொட்டதில்லை. விரதம் ஒன்றும் இல்லை, அது யாருக்கோ உள்ள சாமான் என்று நினைப்பு. இரண்டு கோப்பையில் ஊற்றினாள். கேன்டீனிலிருந்து எடுத்துவந்த உப்பில்லாத ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு ஒரு மிடறு குடித்தோம். எனக்கு வாய் கோணிக்கொண்டது. கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு துவர்ப்பு, பின்னாலேயே அடித்தொண்டையில் ஒரு கசப்பு. "கஷாயம்" என்றேன்.

பிறகு மேலே மிஞ்சியிருந்த உப்பு ரொட்டி. மென்றோம், குடித்தோம்.

நான் கோப்பையைப் பார்த்தேன். அக்கா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள், வேறு எதையாவது ஊற்றிவிட்டோமா என்று. அதே பாட்டில்தான். கசப்பைக் காணோம். துவர்ப்பு எங்கேயோ ஓடிப்போய்விட்டது. பழுத்த பழம் ஒன்றை வாயில் வைத்து நசுக்கிய மாதிரி இருந்தது, அதற்குப் பின்னால் லேசாக ஏதோ ஒரு வாசனை, மழை பெய்த செடியைக் கசக்கினால் வருமே, அது. என் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. பொய் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை" என்றாள் அக்கா. இன்னொரு தடவை பார்த்தோம். உப்பில்லாத ரொட்டிக்குக் கசந்தது, உப்பு ரொட்டிக்கு இனித்தது. எங்கள் வாயும் அதே வாய்தான், ஒயினும் அதே ஒயின்தான். அப்புறம் அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. கீழே ஓடிப்போய்க் கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்தாள். தேனை நக்கிவிட்டுக் குடித்தால் ஒயின் புளித்துத் தண்ணீராய் இளைத்துப்போனது. எலுமிச்சையை நக்கிவிட்டுக் குடித்தால் அதுவே சாதுவாகி இனித்தது. பாலாடைக்கட்டியோடு பட்டுமாதிரி இறங்கியது. அக்கா தொட்டியின் விளிம்பில் சாய்ந்து நின்று மெதுவாகச் சொன்னாள்.

"இத்தனை வருஷமா சமைச்சிருக்கேன். ஒரு சாமான் பக்கத்து சாமானை இப்படி ஆளையே மாத்தும்னு எனக்குத் தெரியாமப் போச்சேடி. சாமி சத்தியமா பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது, கோயிலில் கற்பூரம் காட்டும்போது வருகிற மாதிரியான பயம். ஆனால் அடுத்த நிமிஷம் வேறு பயம் பிடித்துக்கொண்டது. அவள் பெரிய மூக்கிடம் போய்ச் சொல்லப் புறப்பட்டுவிட்டாள்.

வாசலை மறித்து நின்றேன். "உனக்குப் பைத்தியமாக்கா? அந்தம்மா கொடியைப் பிடுங்கணுமா? காலைல உன் சமையற்கட்டுல உக்காந்து டீ குடிச்சவ. நீயும் அவளும் கூட்டுன்னு சொல்வாங்க. வாயை மூடிட்டு இரு. ஒரு மனுஷிக்கு விடிஞ்சிருக்கு, அதுல மண்ணைப் போடாத."

"பொய்யில விடிஞ்சா எத்தனை நாளைக்குடி? அடுத்த வருஷம் சரியான ரொட்டி வரும். மறுபடி கசப்பும்பாங்க. ஏன்னு தெரியாமலே கடைசி வரைக்கும் உழைப்பா. அதுக்கு இப்பவே தெரிஞ்சுக்கட்டும்."

கோபத்தில் அவளை அறையலாம்போல் இருந்தது. நல்லவர்களோடு குடித்தனம் நடத்துவது போன்ற கஷ்டம் உலகத்தில் வேறில்லை. விலகினேன். பின்னாலேயே போனேன்.

பெரிய மூக்கு முழுவதையும் கேட்டார். பிறகு மற்ற நால்வரையும் கூப்பிட்டார். மீதி ரொட்டியை ஆளுக்கொரு துண்டு கொடுத்து மெல்லச் சொன்னார். ஐந்து பேர் முகமும் சிவந்தது. மூட்டை தூக்குகிறவர் ஒரே கடியில் கண்டுபிடித்ததை ஐந்து மூக்கும் ஐந்து நாக்கும் தவறவிட்டிருந்தன.

"நாங்க அதை ரொட்டின்னு நினைச்சுத் தின்னதே இல்லம்மா" என்றார் அவர். "நாக்கைத் துடைக்கிற துணின்னு நினைச்சிட்டோம். உங்களை வேலையை விட்டு அனுப்பணும்னா எங்க அஞ்சு பேரையும் முதல்ல அனுப்பணும்."

ஆனால் சட்டம் சட்டம்தான். தோட்டக்காரம்மாவை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அவள் கண்ணெதிரே சரியான ரொட்டியோடு மறுபடி ருசி பார்த்தார்கள். ஒரு கை உயர்ந்தது. அது பெரிய மூக்கின் கை. மற்ற நாலும் மேஜைமேலேயே கிடந்தன. ஒப்பந்தம் போயிற்று.

அவள் அழுவாள், அக்காவைச் சபிப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ ஒரு கோப்பையைக் காட்டி, "நானும் பாக்கலாமா?" என்றாள். உப்பில்லாத ரொட்டியைக் கடித்துக் குடித்தாள். முகம் சுருங்கியது.

"ஐயோ. இது என் ஒயினா?"

உப்பு ரொட்டியைக் கடித்துக் குடித்தாள். முகம் விரிந்தது. "இதுதான். எங்க வீட்ல இப்படித்தான் இருக்கும்." பெரிய மூக்கைப் பார்த்துக் கேட்டாள்: "நாங்க சாப்பாட்டோடதாங்க குடிப்போம். வெறும் வாயில யாருங்க குடிக்கிறா?"

 அவள் இரண்டு கோப்பையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே நின்றாள். சொந்தப் பிள்ளை இன்னொருவர் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறான் என்று முதல்தடவையாகத் தெரிந்துகொண்டவளைப் போல இருந்தாள். பிறகு அக்காவிடம் வந்தாள்.

"அம்மா, அந்த ரெண்டு ரொட்டியையும் எனக்குக் குடுப்பீங்களா? பக்கத்துத் தெருவுல சாப்பாட்டுக் கடை இருக்கே, அங்க காட்டிப் பாக்கறேன்."

அக்கா மாவு படிந்த முந்தானையை உதறிக்கொண்டு, "நானே வரேன்" என்றாள். சும்மா இருக்க முடியாமல் நானும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் மாலைக் கூட்டத்துக்கு வறுவல் போட்டுக்கொண்டிருந்தார். "ஒயினெல்லாம் நான் வாங்கறதில்ல, கசக்கும், ஆளுங்க திட்டுவாங்க" என்றார். அக்கா வாதாடவில்லை. முதலில் உப்பில்லாத ரொட்டியைக் கொடுத்துக் குடிக்க வைத்தாள். அவர் "நான்தான் சொன்னேனே" என்று முகத்தைச் சுளித்தார். அடுத்தது உப்பு ரொட்டி. அவர் மென்றார், குடித்தார், அசையாமல் நின்றார். பிறகு யாரும் சொல்லாமலே கையை நீட்டித் தன் சட்டியிலிருந்து உப்புக் கிழங்கு வறுவல் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கோப்பையை மறுபடி நீட்டினார். குடித்துவிட்டுச் சட்டியையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். கோப்பை கழுவும் அறையில் எங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இது எத்தனை பாட்டில் இருக்கு?" என்று கேட்டார்.

தோட்டக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர்தான் கொட்டியது. வியாபாரத்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாத என் அக்கா முன்னால் வந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கொடி இருக்கிற வரைக்கும் இருக்குங்க."